போர்க்கால பிக் பேண்ட் படங்களைப் பார்க்கத் தொடங்குவது எப்படி: ஒரு முழு வழிகாட்டி

1941 முதல் 1945 வரை, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஹாலிவுட்டில் ஒரு வகைப் படம் சளைக்காமல் வந்துகொண்டிருந்தது. ஊரெல்லாம் தெரிந்த நிஜமான பெரிய ஜாஸ் பேண்ட் ('பிக் பேண்ட்') ஒன்று, அதன் தலைவர் சொந்தப் பெயரிலோ மாற்றுப் பெயரிலோ நடிப்பார். ஒரு காதல் ஜோடி, ஒரு கோமாளி, ஒன்றரை மணி நேரம், ஏழெட்டுப் பாட்டு. கதையை ஒரு தபால் அட்டையில் எழுதிவிட்டு, முகவரிக்கும் இடம் மிச்சம் வைக்கலாம்.

கதைக்காகப் பார்த்தால் இருபதாவது நிமிடத்தில் மூடிவிடுவீர்கள். பேண்டுக்காகப் பார்க்க வேண்டிய படங்கள் இவை. நமக்கு இந்த ரசனை ஒன்றும் புதிதில்லை. என். எஸ். கிருஷ்ணன், மதுரம் ஜோடியின் நகைச்சுவைப் பகுதியைத் தனியாக எடுத்து, வேறு யாரோ எடுத்த படத்தில் ஒட்டி ஓட்டிய ஊர் இது. கதை ஒரு பக்கம், பாட்டும் சிரிப்பும் இன்னொரு பக்கம் என்று பிரித்துப் பார்க்க நமக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. எதை, எந்த வரிசையில், எதைக் கவனித்துப் பார்ப்பது என்பதைச் சொன்னால் போதும்.

படி 1: முதலில் காதைத் தயார் செய்யுங்கள்

பிக் பேண்டின் அமைப்பு தெரியாமல் உள்ளே போனால் எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி கேட்கும். அமைப்பு எளிது. முன்வரிசையில் நாலைந்து சாக்ஸபோன்காரர்கள், அவர்களில் சிலர் கிளாரினெட்டும் எடுப்பார்கள். பின்னால் டிராம்போன், அதற்கும் பின்னால் டிரம்பெட். ஓரமாக பியானோ, பேஸ், கிட்டார், டிரம்ஸ். சாக்ஸ் வரிசை ஒரு வாக்கியம் சொல்லும், பித்தளை வரிசை (டிராம்போனும் டிரம்பெட்டும்) அதற்குப் பதில் சொல்லும். இந்தக் கேள்வி-பதிலைப் பிடித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

நாலு பாட்டைக் கேட்டுவிட்டு வாருங்கள்: கிளென் மில்லரின் 'இன் த மூட்', பென்னி குட்மனின் 'சிங் சிங் சிங்', டியூக் எலிங்டனின் 'டேக் தி ஏ டிரெயின்', கவுண்ட் பேஸியின் 'ஒன் ஓ கிளாக் ஜம்ப்'. நாலும் நாலு ருசி. மில்லரின் பேண்டைக் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்ல ஒரு வழி இருக்கிறது. மேலே ஒரு கிளாரினெட் மெட்டை இழுக்கும், அதே மெட்டை ஒரு ஸ்தாயி கீழே ஒரு டெனர் சாக்ஸபோன் வாசிக்கும், நடுவில் மற்ற சாக்ஸபோன்கள் நிரப்பும். பட்டுப்போன்ற அந்த ஓசையை மற்றவர்களும் நகல் எடுத்துப் பார்த்தார்கள். ஆனால் அது மில்லரின் முத்திரையாகவே நின்றுவிட்டது.

அன்றைய ரசிகர்கள் பேண்டுகளை 'ஸ்விங்' என்றும் 'ஸ்வீட்' என்றும் இரண்டாகப் பிரித்தார்கள். குட்மன், பேஸி முதல் வகை, துள்ளி ஆடுகிறவர்களுக்கு. கை லொம்பார்டோ இரண்டாம் வகை, மெதுவாக ஆடுகிறவர்களுக்கு. படங்களில் இரண்டும் கலந்து வரும். ஸ்வீட் பேண்ட் வரும்போது காபி போட்டுக்கொண்டு வரலாம் என்பது என் தனிப்பட்ட கருத்து.

படி 2: வெளியே என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

கொஞ்சம் போதும். 1940 செப்டம்பரில் அமெரிக்காவில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்தது. 1941 டிசம்பர் 7-இல் ஜப்பான் பேர்ல் ஹார்பர் துறைமுகத்தைத் தாக்க, அமெரிக்கா போரில் இறங்கியது. 1942 ஜூனில் போர்த் தகவல் அலுவலகம் தொடங்கி, ஹாலிவுட் கதைகளுக்கும் ஆலோசனை சொல்ல ஆரம்பித்தது. பெட்ரோலுக்கும் டயருக்கும் ரேஷன் வந்ததால், ஊர் ஊராக பஸ்ஸில் போய் வாசித்த பேண்டுகளுக்குப் பயணமே சிக்கலாகிப் போனது. வாசிப்பவர்களையும் ஒவ்வொருவராக ராணுவம் கூப்பிட்டுக்கொண்டது. பேண்டால் போக முடியாத சின்ன ஊர்களுக்கும் படச்சுருள் போய்ச் சேர்ந்தது.

செட் போடுவதற்கும் கட்டுப்பாடு இருந்தது. ஒரு படத்தின் அரங்குகளுக்குப் புதிதாக வாங்கும் பொருள் 5,000 டாலரைத் தாண்டக் கூடாது என்று போர் உற்பத்தி வாரியம் உத்தரவு போட்டது. பழைய செட்டைப் பெயின்ட் அடித்து மறுபடி பயன்படுத்தினார்கள். (இந்தியாவில் அதைவிடக் கடுமை. பிலிம் தட்டுப்பாட்டால் படத்தின் நீளத்துக்கே 11,000 அடி என்று அரசு உச்சவரம்பு வைத்தது.) நீங்கள் திரையில் பார்க்கும் பளபளப்பெல்லாம் இந்தக் கணக்குக்குள் செய்தது.

இதையெல்லாம்விட முக்கியமான செய்தி ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 1942 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்க இசைக் கலைஞர்கள் சங்கம் இசைத்தட்டுக் கம்பெனிகளுக்கு எதிராக வேலைநிறுத்தம் அறிவித்தது. தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ. வானொலியும், காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டியும் தட்டைப் போட்டே ஒப்பேற்றினால் நேரில் வாசிப்பவனுக்குப் பிழைப்பு ஏது என்பது அவர் வாதம். டெக்கா கம்பெனி 1943-இல் இறங்கி வந்தது. ஆர்சிஏ விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர் வரை தாக்குப்பிடித்தன. அதுவரை பெரிய பேண்டுகள் பல, கடைக்கு வரும் தட்டு ஒன்றுகூடப் பதிவு செய்யவில்லை.

ஆனால் சினிமாவுக்கு இந்தத் தடை இல்லை! விளைவு, சில பாடகர்கள், சில பேண்டுகள், குறிப்பிட்ட மாதங்களில் எப்படி வாசித்தார்கள் என்பதற்கு இந்த 'லேசான' படங்கள்தான் சாட்சி. வானொலி நிகழ்ச்சிகளின் பதிவுகளும் ராணுவத்துக்கென்று தனியாக அடித்த தட்டுகளும் ஓரளவு இருக்கின்றன. அவற்றில் முகம் தெரியாதே.

படி 3: 'சன் வேலி செரினேட்'டில் ஆரம்பியுங்கள்

1941-இல் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் எடுத்தது. சோன்யா ஹெனி, ஜான் பெய்ன், மில்டன் பெர்ல், அப்புறம் கிளென் மில்லரின் முழு பேண்ட். விளம்பரத்துக்காக ஒரு அகதிக் குழந்தையைத் தத்தெடுக்கிறோம் என்று பேண்டின் மேனேஜர் ஏற்பாடு செய்கிறார். கப்பலிலிருந்து இறங்குவதோ வயதுக்கு வந்த நார்வேப் பெண். ஐரோப்பா எரிந்துகொண்டிருந்தபோது, அகதியாக வருவதையே சிரிப்புக்கான முடிச்சாக்கியிருக்கிறார்கள். ஹெனி நிஜத்திலும் நார்வேக்காரர், ஒலிம்பிக்கில் மூன்று முறை தங்கம் வென்ற பனிச்சறுக்கு நடன வீராங்கனை. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த அசட்டுக் கதைக்குக்கூட ஒரு கனம் வந்துவிடுகிறது.

இதில் 'சாட்டனூகா சூ சூ' வரும் இடத்தை இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை சும்மா. இரண்டாம் தடவை இப்படி:

ஒத்திகைபோல ஆரம்பிக்கும். பித்தளை வரிசை ரயில் கிளம்புகிற மூச்சை வாசிக்கும், முதலில் தயங்கி, பிறகு வேகம் பிடித்து. டெக்ஸ் பெனிகி சாக்ஸபோனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து பாடுவார். பயிற்சி பெற்ற பாடகர் குரல் இல்லை அது, பக்கத்து வீட்டுக்காரர் வேலிமேல் சாய்ந்து பேசுகிற குரல். பாலா கெல்லியும் மாடர்னேர்ஸ் குழுவும் சேர்ந்துகொள்வார்கள். பாட்டு முடிந்தது என்று நினைக்கும்போது கேமரா நகர்ந்து ஒரு ரயில் செட்டுக்குப் போகும். அங்கே டோரதி டாண்ட்ரிஜும் நிக்கலஸ் சகோதரர்களும் அதே பாட்டைத் தங்கள் போக்கில் எடுத்துக்கொண்டு ஆடுவார்கள். அந்தப் பகுதியைக் கத்தரித்து எடுத்தாலும் கதைக்கு ஒரு நூல்கூட அறுபடாது. ஏன் அப்படி வைத்தார்கள் என்பதை எட்டாம் படியில் சொல்கிறேன்.

இந்தப் பாட்டு 12 லட்சம் தட்டு விற்றதற்காக 1942 பிப்ரவரி 10 அன்று ஆர்சிஏ விக்டர் மில்லருக்குத் தங்க முலாம் பூசிய தட்டு ஒன்றைக் கொடுத்தது. 'கோல்டன் டிஸ்க்' என்ற வழக்கம் ஆரம்பித்ததே அங்கேதான் என்பார்கள்.

கடைசியில் வரும் பனிச்சறுக்கு நடனம் நீளம். ஹெனிக்காக டிக்கெட் வாங்கியவர்களுக்கானது அது. வேண்டுமானால் ஓட்டிவிடுங்கள், பாவமில்லை.

படி 4: சூட்டோடு சூடாக 'ஆர்கெஸ்ட்ரா வைவ்ஸ்'

அதே கம்பெனி, அதே பேண்ட், 1942. மில்லருக்கு இதில் ஜீன் மாரிசன் என்று பெயர். ஆங்கிலத்தில் பெயரின் முதல் எழுத்துகள் (G. M.) மாறவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? சின்ன ஊர்ப் பெண் ஒருத்தி டிரம்பெட்காரனைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டு பேண்டோடு ஊர் ஊராகப் போகிறாள். மற்ற வாத்தியக்காரர்களின் மனைவிமார்கள் வம்பு பேசியே பேண்டை உடைக்கிறார்கள். இந்த வகைப் படங்களில் கதைக்கென்று கொஞ்சமாவது மூளை செலவிட்ட படம் இது. ரயில், ஓட்டல், ராத்திரி முழிப்பு, மறுபடி ரயில் என்று ஓடும் பேண்ட்காரர்களின் அலுப்பு உண்மையாகத் தெரியும்.

முன்கூட்டியே பாட்டைப் பதிவு செய்து, படப்பிடிப்பில் வாயசைப்பதும் கையசைப்பதும்தான் வழக்கம். இதில் அதைப் பிடிப்பது ஒரு தனி விளையாட்டு. பேஸ் வாத்தியத்தின் பின்னால் நிற்கும் குண்டு ஆள் ஜாக்கி கிளீசன், பியானோவில் இருப்பவர் சீசர் ரொமேரோ. இருவருமே நடிகர்கள். வாசித்தது மில்லரின் ஆட்கள். பாடகியாக வரும் லின் பாரிக்கு இரண்டு படத்திலும் குரல் கொடுத்தவர் பாட் ஃப்ரைடே, அவர் பெயர் திரையில் வராது. நம் ஊர்ப் பின்னணிப் பாடகர்களின் ஆரம்ப காலக் கதைதான்.

'அட் லாஸ்ட்' என்ற மெட்டு முதல் படத்துக்காகப் போடப்பட்டு, பாட்டாக இந்தப் படத்தில்தான் வந்தது. எட்டா ஜேம்ஸ் குரலில் இன்று மேல்நாட்டுக் கல்யாண வரவேற்புகளில் கேட்பீர்களே, அதேதான். இங்கே அதன் நிதானம் வேறு மாதிரி இருக்கும்.

1942 செப்டம்பரில் இந்தப் படம் வந்த சூட்டில் மில்லர் பேண்டைக் கலைத்துவிட்டு ராணுவத்தில் சேர்ந்தார். 1944 டிசம்பர் 15 அன்று இங்கிலாந்திலிருந்து பாரிஸ் கிளம்பிய அவருடைய சிறிய விமானம் ஆங்கிலக் கால்வாய்க்கு மேலே காணாமல் போனது. அவர் பேண்ட் நடித்த முழுநீளப் படங்கள் இந்த இரண்டே.

படி 5: பட்டாளத்துக் கூத்துகள்

'பக் பிரைவேட்ஸ்', 1941 ஜனவரி கடைசியில் வந்தது. அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவில்லை. ஆனால் கட்டாயச் சேவைக்குப் பெயர் பதிந்தாகிவிட்டது. நகைச்சுவை ஜோடியான ஆபட், காஸ்டெல்லோ இருவரும் போலீசுக்குப் பயந்து ஓடி ஒளிகிற இடம் ராணுவத்தில் ஆள் சேர்க்கும் இடமாகிப் போகிறது. துப்பாக்கியோடு காஸ்டெல்லோ அணிவகுப்புப் பழகும் காட்சி, மொழியே தெரியாவிட்டாலும் சிரிக்கலாம். பிக் பேண்ட் படம் என்று சொல்ல முடியாது. ஆண்ட்ரூஸ் சகோதரிகள் என்ற பாடகியர் மூவரின் 'பூகி வூகி பியூகிள் பாய்' இருப்பதால் இந்தப் பட்டியலில் சேர்க்கிறேன்.

'ஷிப் அஹாய்', 1942, எம்ஜிஎம் படக் கம்பெனி. டாமி டார்சியின் பேண்ட். அதில் ஓரமாக ஒல்லியாக நின்று பாடும் பையன் ஃபிராங்க் சினாட்ரா. டிரம்ஸில் பட்டி ரிச், தவறவிடாதீர்கள், அவர் குச்சிகளும் கதாநாயகி எலினார் பவலின் டாப் நடனக் கால்களும் சண்டை போடும் இடம் ஒன்று உண்டு. கதைப்படி பவலை எதிரி உளவாளிகள் ஏமாற்றி ஒரு கண்ணிவெடியைக் கடத்த வைக்கிறார்கள். விஷயம் தெரிந்ததும் மேடையில் ஆடிக்கொண்டே, டாப் நடனக் காலடியில் மோர்ஸ் தந்தி அடித்து, கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் அரசாங்க ஆட்களுக்குச் செய்தி சொல்கிறார். இதைவிட அபத்தமான கிளைமாக்ஸ் கிடையாது, இதைவிட ரசித்த கிளைமாக்ஸும் எனக்கு இந்த வரிசையில் கிடையாது.

படி 6: கதையே இல்லாத படங்கள்

இப்போது கொஞ்சம் பழகியிருப்பீர்கள். சாக்குபோக்கு இல்லாமல் பேண்டுகளை வரிசையாக நிறுத்தும் படங்களுக்குப் போகலாம்.

'ரெவெலி வித் பெவர்லி', 1943, கொலம்பியா படக் கம்பெனி. ஆன் மில்லர் விடியற்காலை வானொலியில் ராணுவ முகாம்களுக்காகத் தட்டு போடுகிறார். அவர் தட்டைச் சுழல விட்டதும் கேமரா அதற்குள் இறங்கும், பேண்ட் உயிரோடு வந்துவிடும். கவுண்ட் பேஸி, பாப் கிராஸ்பி, மில்ஸ் சகோதரர்கள், தனியாக சினாட்ரா என்று அந்தச் சின்னப் படத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள். எலிங்டனின் 'டேக் தி ஏ டிரெயின்' பகுதிதான் மகுடம். 'ஏ டிரெயின்' என்பது நியூயார்க் நகரின் பாதாள ரயில். படம் எடுத்தவர்களுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை, பேண்டையே ஒரு நெடுந்தூர ரயில் பெட்டியில் உட்கார வைத்துவிட்டார்கள். பாடகி பெட்டி ரோஷே அந்த ரயில் பெட்டியின் நடுவழியில் நடந்துகொண்டே பாடுகிறார். எலிங்டனிடம் அவர் இருந்த அந்தக் காலம் சரியாக வேலைநிறுத்தத்தில் மாட்டிக்கொண்டது. அதே பாட்டை அவர் பாடிக் கடைக்கு வந்த தட்டு 1950-களில்தான். ரயிலைத் தப்பாகக் காட்டிய அந்தப் படத்தில்தான் இருபதுகளில் இருந்த ரோஷே இருக்கிறார்.

'ஸ்டேஜ் டோர் கேன்டீன்', அதே ஆண்டு, இயக்கம் ஃபிராங்க் போர்சேகி. நியூயார்க்கில் நாடகக்காரர்கள் சிப்பாய்களுக்கென்று நிஜமாகவே நடத்திய இலவசக் கேன்டீன் அது. பெரிய நடிகர்கள் தட்டு கழுவுவார்கள், சாண்ட்விச் பரிமாறுவார்கள். அங்கே பரிமாறும் பெண்கள் வெளியே சிப்பாய்களைச் சந்திக்கக் கூடாது என்பது விதி. அந்த விதி உடைவதுதான் கதை. குட்மனோடு பெக்கி லீ 'ஒய் டோன்ட் யூ டூ ரைட்' பாடும் காட்சியில் அவர் எவ்வளவு குறைவாக அசைகிறார் என்று பாருங்கள். சுற்றிலும் எல்லாரும் கையை வீசிப் பாடிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு புருவம் போதும் என்று நிற்கிறார். நடுவே யெஹுதி மெனுஹின் வந்து வயலின் வாசித்துவிட்டுப் போகிறார். முழுப்படம் 132 நிமிடம், ஒரே மூச்சில் பார்க்காதீர்கள்.

படி 7: கலருக்கு ஒரே ஒரு படம்

'தி கேங்ஸ் ஆல் ஹியர்', 1943, இயக்கம் பஸ்பி பெர்க்லி. கார்மென் மிராண்டா தலையில் பழக்கூடை, சுற்றிலும் ஆள் உயரத்தைத் தாண்டிய வாழைப்பழங்களை ஏந்திய பெண்கள், மேலே கிரேனில் பறக்கும் கேமரா. சிக்கனம், ரேஷன் என்று வீட்டில் அலுத்துப் போனவர்களுக்கு டெக்னிகலரில் எடுத்து வைத்த விருந்து. பென்னி குட்மன் இதில் பாடவும் செய்கிறார். கிளாரினெட்டோடு நிறுத்தியிருக்கலாம். பெரிய திரையில் பாருங்கள், கைபேசியில் இந்தப் படம் வீண்.

படி 8: ஒட்டாமல் வைக்கப்பட்ட ஆட்டங்கள்

மூன்றாம் படியில் விட்ட கேள்விக்கு வருகிறேன். கறுப்பினக் கலைஞர்களின் பாட்டும் நடனமும் ஏன் கதையோடு ஒட்டாமல் தனித் துண்டாக நிற்கின்றன? நிறப் பிரிவினை இருந்த அமெரிக்கத் தென் மாநிலங்களில் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் படத்தை ஓட்டலாம் என்பதற்காக. எம்ஜிஎம் பாடகி லீனா ஹார்னை ஒரு தூணில் சாய்த்து நிற்க வைத்துப் பாட வைத்தது, யாரோடும் பேச விடவில்லை. எலிங்டன், பேஸி பேண்டுகள் இத்தகைய படங்களில் ஒரு பாட்டுக்கு வந்து போவதற்கும் இதுவே காரணம். சந்தோஷத்தை மட்டும் காட்டுகிறோம் என்ற படங்களின் ஓரத்தில் இந்தத் தையல் தெரிந்துகொண்டே இருக்கும். ஜப்பானியர்களைப் பற்றிய மட்டமான நகைச்சுவைகளும் அங்கங்கே வரும். தெரிந்தே உட்காருங்கள்.

அதனால்தான் 'ஸ்டார்மி வெதர்' அவசியம். 1943, முழுக்கவும் கறுப்பினக் கலைஞர்கள்: லீனா ஹார்ன், பில் ராபின்சன், கேப் காலோவே பேண்ட், ஃபேட்ஸ் வாலர். வாலர் அந்த ஆண்டு டிசம்பரிலேயே இறந்துபோனார். இதிலும் கறுப்பினத்தவரைக் கேலி செய்ய முகத்தில் கரி பூசிக்கொள்ளும் பழைய நகைச்சுவை ஒன்று இருக்கிறது, நெளிய வைக்கும்.

கடைசிப் பகுதியில் காலோவே 'ஜம்பின் ஜைவ்' ஆரம்பித்ததும் நிக்கலஸ் சகோதரர்கள் மேசையிலிருந்து எழுந்து வருவார்கள். வாத்தியக்காரர்களின் மேடைமேல் தாவி, அவர்களுக்கு நடுவே ஆடுவார்கள். பியானோ மேல் ஏறுவார்கள். பிறகு பெரிய வெள்ளைப் படிக்கட்டு. ஒருவர் குனிய, மற்றவர் அவரைத் தாண்டிக் குதித்து, அடுத்த படியில் இரண்டு காலையும் விரித்தபடி விழுந்து, கையை ஊன்றாமல் எழுந்திருப்பார். உடனே மற்றவர். இப்படியே அடி வரை. வெட்டு அதிகம் இல்லை, கேமரா தள்ளி நின்று முழு உடம்பையும் காட்டுகிறது. எழுந்திருக்கும்போது தொடைக்கு எவ்வளவு வேலை என்று மட்டும் பாருங்கள்.

படி 9: சிரிப்பு முதலில், இசை அப்புறம் என்பவர்களுக்கு

கே கைசர். பேராசிரியர் அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு வானொலியில் வினாடி வினா நடத்திய பேண்ட் தலைவர். அவர் பேண்டில் கார்னெட் வாசித்த இஷ் கபிபிள், நெற்றியை மறைக்கும் முடியோடு அசடு வழிவதில் மன்னன். 'யூல் ஃபைண்ட் அவுட்' (1940) பாருங்கள். அமெரிக்கா போருக்குள் வருவதற்கு முந்தைய படம், இருந்தாலும் பரவாயில்லை, பேய் பங்களாவில் திகில் பட நடிகர்களான போரிஸ் கார்லாஃப், பெலா லுகோசி, பீட்டர் லோரி மூவரிடமும் ஒரு டான்ஸ் பேண்ட் மாட்டிக்கொள்வதை வேறு எங்கே பார்ப்பது?

படி 10: நல்ல பிரதியைத் தேடுவது

'ஸ்டேஜ் டோர் கேன்டீன்' அமெரிக்காவில் காப்புரிமை இல்லாத படம், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் மங்கலான பிரதிகளும் சுருக்கிய பிரதிகளும் நிறைய உலவுகின்றன, நீளத்தைச் சரிபார்த்த பிறகு உட்காருங்கள். ஃபாக்ஸ் படங்களுக்கு முறையான டிஸ்க் வெளியீடுகள் உண்டு. இந்தப் படங்களில் ஒலிதான் உயிர் என்பதால் படம் சுமாராக இருந்து ஒலி தெளிவாக இருக்கும் பிரதியை எடுங்கள். காதில் ஹெட்போன் இருக்கட்டும்.

முழுப்படத்துக்கு நேரமில்லாத நாளில் 'சவுண்டீஸ்' தேடலாம். 1940-களில் மதுக்கடைகளிலும் ரயில் நிலையங்களிலும் பனோராம் என்ற இயந்திரம் இருந்தது. பத்து சென்ட் போட்டால் மூன்று நிமிடப் பாட்டுப் படம் ஒன்று ஓடும். ஒரு சுருளில் எட்டுப் பாட்டு, அடுத்து எது வருகிறதோ அதைத்தான் பார்க்க வேண்டும், தேர்ந்தெடுக்க முடியாது. உள்ளே கண்ணாடி வைத்துத் திரையின் பின்னாலிருந்து காட்டியதால் பிரதிகளை இடவலம் மாற்றியே அச்சடித்தார்கள். அப்படியே இணையத்துக்கு வந்துவிட்டவையும் உண்டு. டிரம்பெட்காரர் இடது கையால் வால்வை அழுத்தினால், மேடையில் இருக்கும் எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரிந்தால், பிரதி திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். விஎல்சி போன்ற பிளேயரில் கிடைமட்டமாகத் திருப்பும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிட்டுப் பாருங்கள்.